பன்னிரண்டு நாள் முடங்கிய ஐடி: ஒரு டெலிவரி ரைடரின் கணக்கை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு மாதிரி நிகழ்வு. இருசக்கர வாகனத்தில் டெலிவரி செய்பவர்களின் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே ரைடரின் கணக்காகக் கோத்திருக்கிறோம். ஐடி என்பது டெலிவரி ஆப்பில் ரைடரின் அடையாளப் பதிவு; அது இல்லாமல் ஆர்டர் எடுக்க முடியாது. எண்கள் எந்த நாட்டுப் பணத்தையும் குறிப்பவை அல்ல. 'அலகு' என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கும்போதுதான் இதற்கு உயிர் வரும். கணக்குப் போடும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

தொடக்க நிலை

ரைடர் வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 11 மணி நேரம் லாகினில் இருக்கிறார். மொத்தம் 66 மணி நேரம், ஏறத்தாழ 80 ஆர்டர். ஆர்டர் தொகை 5,600, இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) 1,000, ஆக வாரப் பேஅவுட் 6,600 அலகு. வண்டி சொந்தப் பணத்தில் வாங்கியது, கடன் இல்லை. வீட்டுச் செலவு வாரம் 4,000. கையிருப்பு 2,500.

ஆப் காட்டும் 'மணிக்கு வருமானம்' 161. எப்படி என்றால், ஆர்டர் கையில் இருந்த 41 மணி நேரத்தால் மட்டும் 6,600-ஐ வகுக்கிறது. ஆர்டருக்காகக் காத்திருந்த 25 மணி நேரம் அந்தக் கணக்கில் இல்லை. இது சின்ன விஷயமில்லை. ஊபர் ஓட்டுநர்கள் தொடர்ந்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பளித்தபோது, ஓட்டுநர் தன் பகுதியில் ஆப்பில் லாகின் செய்து பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. சட்டம் உங்கள் ஊரில் என்ன சொன்னாலும், உங்கள் நோட்டுப் புத்தகத்திலாவது காத்திருப்பு வேலை நேரமாக ஏற வேண்டும்.

கிலோமீட்டரிலும் இதே கதை. ஆப் கணக்கில் 540 கி.மீ.; ஓடோமீட்டரில் 900. மீதி 360 கி.மீ. ஆர்டர் எடுக்கப் போனது, டெலிவரி முடித்துத் திரும்பி வந்தது, ஆர்டர் விழும் இடம் தேடிச் சுற்றியது. இந்தக் காலி ஓட்டத்துக்கு யாரும் காசு தருவதில்லை. ஆனால் டயர் தேய்வதும் பெட்ரோல் எரிவதும் காலி ஓட்டத்துக்கு என்று தனியாகக் குறைவதில்லை.

வாரச் செலவு: பெட்ரோல் 1,200. பராமரிப்பு கி.மீ.க்கு 0.60 வீதம் 540. தேய்மானம் கி.மீ.க்கு 0.48 வீதம் 432 (வண்டி விலை 60,000, 1,00,000 கி.மீ. ஓடிய பின் விற்றால் 12,000, இடைவெளி 48,000). போன், டேட்டா, காப்பீடு, பை, ரெயின்கோட் எல்லாம் சேர்த்து நிலைச் செலவு 228. மொத்தம் 2,400. மிச்சம் 4,200. இதை லாகின் நேரத்தோடு, வீட்டிலிருந்து போய்வரும் நேரம், சர்வீஸில் காத்திருக்கும் நேரம் என்று 6 மணி நேரம் கூட்டி 72-ஆல் வகுத்தால் மணிக்கு 58. ஆப் சொன்னது 161.

கடனில் வண்டி வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவணையில் இருக்கும் அசல், தேய்மானத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் கழித்தால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகும். வட்டி மட்டும் தனிச் செலவு.

பணமாகப் பார்த்தால், பெட்ரோல், பராமரிப்பு, நிலைச் செலவு போகக் கையில் 4,632 வருகிறது. வீட்டுக்கு 4,000 போக 632 மிஞ்சுவதுபோல் தெரியும். அதில் 432 அடுத்த வண்டிக்கான பணம். உண்மையான உபரி 200.

என்ன நடந்தது

31-ஆம் வாரம் போன் திரை உடைந்தது. ரைடர் பழைய போன் ஒன்றை வாங்கினார். முந்தைய உரிமையாளர் அதில் வேறொரு ரைடர் ஐடியைப் பயன்படுத்தியிருந்தார். ராத்திரி, தெருவிளக்கு வெளிச்சத்தில், தலையில் ஹெல்மெட்டோடு செல்ஃபி சரிபார்ப்பு. மூன்று முறை தோற்றது. ஐடி பிளாக் ஆனது. ஐடியை வேறு ஆளுக்கு வாடகைக்கு விடுவதைப் பிடிக்க வைத்திருக்கும் தானியங்கிப் பொறியில், விதியை மீறாதவரே சிக்கிக்கொண்டார்.

பதற்றத்தில் ஐந்து நாளில் ஏழு டிக்கெட் (ஆப்பின் உதவி மையத்தில் பதியும் புகார்) போட்டார். ஒவ்வொன்றும் புது வரிசையில் போய் நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரே அச்சுப் பதில் வந்தது. 12-ஆம் நாள் ஐடி திறந்தது.

அந்த 12 நாளுக்கு வீட்டுச் செலவு 6,857. கையிருப்பு 2,500 போக 4,357 குறைந்தது. கடன் ஆப்பில் 4,500 வாங்கினார். வாரம் 1,000 வீதம் 5 வாரம் கட்ட வேண்டும். வாரத் தேவை 5,000 ஆனது; வரவு 4,632. பற்றாக்குறை 368 மட்டுமே. மந்தமான நேரத்தில் 10 மணி நேரம் கூடுதலாக ஓடினால் அடைந்துவிடும் தொகை அது. ஆனால் கடன் கழுத்தில் இருக்கும்போது யாரும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. நாளுக்கு 13 மணி நேரம், வாரத்துக்கு 7 நாள், 91 மணி நேரம் என்று இறங்கினார். நேரமில்லை என்று சர்வீஸையும் தள்ளிப்போட்டார். மூன்றாம் வாரம் நள்ளிரவு, வீடு திரும்பும் வழியில் வண்டி சறுக்கி மணிக்கட்டு பிசகியது. இன்னொரு 9 நாள் போனது.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைவதாக 1997-இல் வந்த ஒரு சோதனை காட்டியது. காலை 7 மணிக்கு எழுந்தவருக்கு நள்ளிரவு என்பது சரியாக அந்த 17-ஆவது மணி. அதோடு தேய்ந்த பின் பிரேக் ஷூவும் சேர்ந்துகொண்டது.

ஐடி பிளாக்கால் போனது 12 நாள். கையிருப்பு இல்லாததால் போனது அடுத்த 9 நாள். முதலாவது பாதிக்குப் பாதி அவர் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க அவர் கையில் இருந்தது.

மூன்று ஒற்றைக் கம்பிகள்

இந்த வருமானம் தொங்குவது மூன்று கம்பிகளில்: ஐடி, வண்டி, உடம்பு. எது அறுந்தாலும் அன்றைக்கே வரவு பூஜ்யம். 'இரண்டு ஆப்பில் ஐடி வைத்துக்கொள்' என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. தவறில்லை, ஆனால் அது முதல் கம்பிக்கு மட்டுமே மாற்று. கை உடைந்தால் இரண்டு ஆப்பும் சேர்ந்தே நிற்கும். இரண்டாவது வருமானம் தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'இது எந்தக் கம்பியில் தொங்குகிறது?' என்பதுதான். மூன்றில் ஒன்றையாவது அது விட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டை விட்டு விலகினால் நல்லது.

கணக்குப் புத்தகம், அதில் விழுந்த முதல் தவறு

ரைடர் 28 நாள் தினமும் நான்கு எண்களை மட்டும் எழுதினார்: ஓடோமீட்டர் (தொடக்கம், முடிவு), லாகின் நேரம், பேஅவுட், பெட்ரோல். பேஅவுட்டையும் கிலோமீட்டரையும் பீக் நேரம் (பகல் 12–3, இரவு 7–10), மந்த நேரம் என்று இரண்டாகப் பிரித்தார். இதற்கு மேல் எழுதச் சொன்னால் யாரும் பத்து நாள்கூடத் தாங்க மாட்டார்கள்.

பெட்ரோல், பராமரிப்பு, தேய்மானம் சேர்த்து கி.மீ.க்கு 2.41 செலவு. அதன்படி பீக் நேரம் 36 மணியில் 4,680 வரவு, 500 கி.மீ., நிகரம் மணிக்கு 96. மந்த நேரம் 30 மணியில் 1,920 வரவு, 400 கி.மீ., நிகரம் மணிக்கு 32. மூன்று மடங்கு வித்தியாசம்! மந்த நேரத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். மூன்று வாரத்தில் அந்த முடிவு உடைந்தது.

இன்சென்டிவ் 1,000-ஐ அவர் பீக் நேரத்தின் கணக்கில் எழுதியிருந்தார், அது பீக் நேரத்தில்தான் திரையில் வந்தது என்பதால். ஆனால் இன்சென்டிவ் விதி இப்படி: வாரத்துக்கு 60 ஆர்டர் தொட்டால் 400, 80 தொட்டால் இன்னும் 600. பீக் நேரத்தில் மட்டும் ஓடினால் 50 ஆர்டர்தான். இரண்டு படியும் போயின. நிலைச் செலவு 228 போக 3,245 எதிர்பார்த்த இடத்தில் 2,245 வந்தது.

இன்சென்டிவ் எதற்காக இருக்கிறது என்பது இங்கே தெளிவாகிறது. யாரும் நிற்க விரும்பாத நேரத்தில் ஆளை நிறுத்தி வைக்கத் தரும் விலை அது. ஆகவே அதை மந்த நேரத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும், அதுவும் படிப்படியாக:

பீக் நேரம், இன்சென்டிவ் இல்லாமல்: (3,680 − 1,207) ÷ 36 = மணிக்கு 69.

மந்த நேரத்தின் முதல் 10 மணி (50-லிருந்து 60 ஆர்டர் வரை): (640 − 322 + 400) ÷ 10 = மணிக்கு 72.

அடுத்த 20 மணி (60-லிருந்து 80 வரை): (1,280 − 643 + 600) ÷ 20 = மணிக்கு 62.

அந்தக் கடைசி 20 மணியில் 80-ஐத் தொடாமல் 76-இல் நின்றால் மணிக்கு 62 என்பது ஏறத்தாழ 30-ஆக விழும். இப்போது முடிவு வேறு: முதல் படியை வைத்துக்கொள்ளலாம், இரண்டாம் படியின் 20 மணி நேரத்துக்கு மணிக்கு 62-க்கு மேல் தரும் வேறு வேலை கிடைத்தால் மாற்றலாம். இரண்டாம் படியை நோக்கி ஓடுவதா என்பதை வெள்ளிக்கிழமை இரவே முடிவுசெய்ய வேண்டும். ஞாயிறு மாலை 72 ஆர்டரில் நின்றுகொண்டு யோசிப்பவரை அந்த 600 இழுத்துக்கொண்டு போய்விடும்.

நாள் இலக்கு வைத்து ஓடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'இன்றைக்கு 1,100 வந்ததும் வீட்டுக்கு' என்று ஓடுபவர், ஆர்டர் கொட்டும் நாளில் சீக்கிரம் கிளம்பிவிடுவார், காய்ந்த நாளில் நள்ளிரவு வரை நிற்பார். நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களிடம் இந்தப் பழக்கம் இருப்பதாக 1997-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2009 முதல் 2013 வரையிலான அந்நகர டாக்சிப் பயணங்கள் அனைத்தையும் வைத்து 2015-இல் வெளியான ஆய்வு அதை மறுத்தது. பெரும்பாலானோர் நல்ல நாளில் கூடுதலாகவே ஓடுகிறார்கள் என்றது. எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்பாதி: வரவு கூடும்போது ஓட்டத்தைக் கூட்டாத புதியவர்கள் தொழிலை விட்டு விலகும் வாய்ப்பு அதிகம், நிலைப்பவர்கள் சீக்கிரமே கூட்டக் கற்றுக்கொள்கிறார்கள். நாள் இலக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, நேர அட்டவணையைப் பிடித்துக்கொள்ள இது போதுமான காரணம்.

ஐடி இல்லாத வருமானம்

ஓர் அச்சகத்துக்குக் காலை வேளையில் வாடிக்கையாளர் பார்சல்களைக் கொண்டுபோகும் வேலை. வாரம் 5 நாள், நாளுக்கு 3 மணி நேரம், 200 கி.மீ. இது ஐடிக் கம்பியை விட்டு விலகிய வேலை. வண்டியையும் உடம்பையும் விட்டு விலகவில்லை.

விலை சொன்ன விதம்: 15 மணி × 80 = 1,200; 200 கி.மீ. × 2.41 = 482; ஆக 1,682. கேட்டது 1,850, முடிந்தது 1,680. இதற்குக் கீழே போனால் வார வருமானம் இன்னும் குறையும் என்று தெரிந்திருந்ததால்தான் பேரத்தில் ஓரிடத்தில் நிற்க முடிந்தது. பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் எழுதி இரு தரப்பும் 'சரி' என்று பதிவுசெய்துகொண்டார்கள்: நாளுக்கு 40 கி.மீ.க்கு மேல் போனால் கி.மீ.க்கு இவ்வளவு, ஓரிடத்தில் 15 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் இவ்வளவு, ஒவ்வொரு சனிக்கிழமையும் பணம், நிறுத்துவதானால் 30 நாள் முன்னறிவிப்பு. இதில் அதிகம் தகராறு வருவது காத்திருப்பில்தான். 'பார்சல் ரெடி, வாங்க' என்று கூப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் உட்காரவைப்பார்கள். எழுதிவைத்திருந்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் உறவைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

புதிய வாரம்: பீக் 2,473 + முதல் படி 718 + அச்சகம் 1,200 − நிலைச் செலவு 228 = 4,163. முன்பு 66 மணியில் 4,200. இப்போது 61 மணியில் 4,163. வருமானம் கூடவில்லை, 37 அலகு குறைந்துதான் இருக்கிறது. ஆனால் அதில் 29 சதவீதம் ஐடி பிளாக் ஆனாலும் வரும் பணம்.

பணத்தைப் பிரித்த விதம்

பேஅவுட் வந்த அன்றே, வேறெதற்கும் முன்னால், ஓடிய கி.மீ. × 1.08 தனிக் கணக்குக்குப் போகும். 833 கி.மீ. என்றால் 900. பராமரிப்பும் அடுத்த வண்டியும் இதிலிருந்து. வருமான வரி பொருந்துபவர்களுக்கு அதற்கும் ஒரு சதவீதம் இதே நாளில்.

அடுத்தது தனக்குத் தானே தரும் சம்பளம். கடந்த 12 வார நிகர வரவைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழிருந்து மூன்றாவதை எடுக்க வேண்டும். இவருக்கு அது 3,700. நல்ல வாரமோ கெட்ட வாரமோ, வீட்டுக்குப் போவது 3,700 மட்டும். சராசரியை எடுத்தால் என்ன? ஏறத்தாழப் பாதி வாரங்களில் துண்டு விழும். அந்த வாரங்கள் அடுத்தடுத்து வந்தால் முறையே கைவிடப்படும்.

வீட்டுச் செலவு 4,000 இருந்த இடத்தில் 3,700 என்பது வலிதான். எதை வெட்டுவது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதற்கு நாங்கள் பட்டியல் தரப்போவதில்லை. வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் காட்டலாம். 4,000-இலேயே இருந்தால் வாரம் 163 மிஞ்சும்; நான்கு வாரச் செலவைச் (16,000) சேர்க்க ஏறத்தாழ 98 வாரம். 3,700-க்கு இறங்கினால் வாரம் 463 மிஞ்சும், நான்கு வாரத்துக்கு 14,800 போதும், 32 வாரம். 'ஆறு மாதச் செலவைச் சேமித்து வை' என்ற புத்தக அறிவுரை இந்த வருமானத்தில் நடக்காத காரியம். முதல் இலக்கு சின்னதாக, நடந்ததை ஒட்டியதாக இருக்கட்டும்: 12 நாள். அதற்குத் தேவை 6,343. அச்சகப் பணம் அந்த 12 நாளில் 2,057 தரும். ஆகச் சேர்க்க வேண்டியது 4,286. பத்து வாரம். இரண்டாவது வருமானம் சேமிப்பின் சுமையை மூன்றில் ஒரு பங்கு இறக்கிவிட்டது.

இந்தக் கணக்கு, கடன் ஆப்பின் கடைசித் தவணை கட்டிய பிறகே தொடங்கும்.

ஐடிக்கான கோப்பு

பிளாக் ஆன பிறகு ஆப்புக்குள் இருக்கும் எதையும் பார்க்க முடியாமல் போகலாம். எனவே மாதக் கடைசியில் ஐந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆப்புக்கு வெளியே வைக்க வேண்டும்: வருமானச் சுருக்கம், ரேட்டிங், முடித்த ஆர்டர் எண்ணிக்கை, ஐடி விவரம், நிலுவைத் தொகை. ஓட்டுநர் உரிமம், வண்டிக் காப்பீடு காலாவதியாகும் தேதிக்கு 30 நாள் முன்னால் போனில் நினைவூட்டல். ஐடியை அண்ணன் தம்பிக்கானாலும் ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது.

போன் மாற்றும்போது: பழைய போன் வேலைசெய்தால் அதில் லாக்அவுட் செய்துவிட்டு, புதியதில் பகலில், ஹெல்மெட்டும் முகக்கவசமும் கழற்றி, ஷிப்ட் தொடங்குவதற்கு முன் லாகின். பழைய போனை விலைக்கு வாங்கினால் முதலில் அதை முழுதாக ரீசெட் செய்ய வேண்டும். ரீசெட் செய்தாலும் கருவியின் அடையாள எண் ஆப்பின் பதிவில் இருக்கலாம். எனவே வாங்கிய ரசீதைக் கோப்பில் வைப்பது நல்லது. சந்தேகம் வந்தால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

பிளாக் ஆனால் முதல் வேலை, திரையில் வந்த வாசகத்தை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. பிறகு ஒரே ஒரு டிக்கெட். அதில் இப்படி எழுதலாம்:

"ஐடி எண் இது. இந்தத் தேதி, இந்த நேரத்தில் பிளாக் ஆனது. திரையில் வந்த செய்தி இணைப்பில். அன்று போன் மாற்றினேன், ரசீது இணைப்பில். செல்ஃபி இருட்டில் எடுத்ததால் தோற்றிருக்கலாம். பகல் வெளிச்சத்தில் மீண்டும் சரிபார்ப்புக்குத் தயார். பிளாக் ஆனதற்கான காரணத்தை எழுத்தில் தரவும். இதை ஓர் அலுவலர் நேரில் பரிசீலிக்கக் கோருகிறேன். நிலுவைத் தொகை இவ்வளவு. அது எப்போது வரும் என்பதையும் தெரிவிக்கவும்."

கோபத்தையும் குடும்பக் கஷ்டத்தையும் இதில் சேர்க்க வேண்டாம். படிப்பவருக்கு முடிவெடுக்கத் தேவையானவை தேதியும் சான்றும்தான். மூன்றாம் நாள் அதே டிக்கெட்டில் தொடர வேண்டும், புதிது திறக்கக் கூடாது. நேரடி அலுவலகம் இருந்தால் போக வேண்டும். சங்கம் இருந்தால் அவர்கள் வழியாகவும். 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற பிளாட்ஃபார்ம் வேலை நெறிமுறை, கணக்கை முடக்கும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 2-க்குள் இதைச் சட்டமாக்க வேண்டும். வேறு நாடுகளில் இந்த உரிமை இல்லாமலிருக்கலாம். ஆனாலும் இதே இரண்டையும் கேட்பதில் நஷ்டமில்லை.

வண்டியும் உடம்பும்

வாரம் 900 கி.மீ. என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000. சர்வீஸ் அட்டை 'இத்தனை மாதம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ' என்று சொல்லும். வீட்டு உபயோகத்துக்கு ஓட்டுபவர்களுக்கு மாதம் முதலில் வரும். ரைடருக்கு எப்போதும் கிலோமீட்டர்தான். 3,000 கி.மீ.க்கு ஒரு ஆயில் மாற்றம் என்றால் அது 23 நாளில் வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுபவர் மூன்று மாற்றத்தைத் தவறவிடுகிறார். சின்ன எஞ்சின்களில் ஆயில் கொள்ளளவே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். நின்று நின்று ஓடும் வண்டியில் அது குறைந்துகொண்டே போகும், எஞ்சினின் மேல் பகுதிதான் முதலில் காயும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் (அளவுக் குச்சி) ஆயில் அளவு, டயர் காற்று, செயின் தளர்வு; மாதம் ஒருமுறை பிரேக் ஷூவின் தேய்மானக் குறி, டயரின் தேய்மானக் குறி. பத்து நிமிட வேலை.

காப்பீட்டில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பிளாட்ஃபார்ம் தரும் விபத்துக் காப்பீடு எப்போதிலிருந்து எப்போது வரை: லாகின் முழுக்கவா, ஆர்டர் ஏற்றது முதல் முடித்தது வரையா? இந்த ரைடர் விழுந்தது லாக்அவுட் செய்துவிட்டு வீடு திரும்பும்போது. இரண்டாவது, வண்டியின் பாலிசி வாடகை அல்லது டெலிவரி உபயோகத்தை ஏற்கிறதா? சொந்த உபயோகப் பாலிசியில் டெலிவரி செய்தால் கோரிக்கை நிராகரிக்கப்பட வாய்ப்புண்டு. மூன்றாவது, மருத்துவச் செலவு மட்டுமா, வேலைக்குப் போகாத நாளுக்கும் ஏதாவது உண்டா?

நேரத்தைப் பொறுத்தவரை ஓர் எண்ணை நினைவில் வைக்கலாம். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35–40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நமது திருத்தப்பட்ட அட்டவணையே 61 மணி நேரம். இந்த அட்டவணையின் குறை அதுதான். அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஏணி இல்லாத வேலை

ஐயாயிரமாவது ஆர்டருக்கும் முதல் ஆர்டருக்கும் ஒரே கட்டணம். ரேட்டிங்கை வேறு இடத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது. எனவே வாரம் 4 மணி நேரம், இரண்டு பிற்பகல்களில், வேறு கம்பியில் தொங்கும் திறன் ஒன்று. இவர் எடுத்தது மின்சார இருசக்கர வாகனப் பழுது. தேர்ந்தெடுத்த அளவுகோல்: ஏற்கெனவே தெரிந்ததற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஐடி தேவைப்படக் கூடாது, 12 வாரத்துக்குள் யாராவது ஒருவர் காசு கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். மூன்றாவது நடக்காவிட்டால் படிப்பை மாற்ற வேண்டும், ஆசையாக இருந்தாலும். சான்றிதழ் சேர்ப்பது எளிது. முதல் வாடிக்கையாளரைச் சேர்ப்பதுதான் கஷ்டம்.

மேசையில் உட்கார்ந்து செய்யும் கிக் வேலைக்கும் (துண்டு துண்டாக எடுத்துச் செய்யும் வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங்) இதே வாய்ப்பாடு. அங்கே காலி ஓட்டம் என்பது பலிக்காத ப்ரப்போசல்களும் காசில்லாத திருத்தங்களும். கம்பிகள்: தளத்தின் கணக்கு, லேப்டாப், ஒரே பெரிய வாடிக்கையாளர். ஒருவரிடமிருந்து வருமானத்தில் பாதிக்கு மேல் வந்தால் அவர் வாடிக்கையாளர் இல்லை, முன்னறிவிப்பு தராத முதலாளி. பாதி முன்பணம், இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம் என்பவை அச்சகத்தோடு எழுதிக்கொண்ட காத்திருப்புக் கட்டணத்தின் இன்னொரு வடிவம்.

சேமிப்பின் 33-ஆம் வாரம்

சேமிப்பு தொடங்கி 32 வாரம் முடிந்தபோது 14,800 நிறைந்தது. வாரம் 463 ஒதுக்க வேண்டிய கட்டாயம் போனது. அச்சகம் கூடுதலாக 5 மணி நேரம் கேட்டது, அதே விலைக்கு. ரைடர் மந்த நேரத்தின் 10 மணியையும் அதோடு முதல் படி இன்சென்டிவையும் விட்டுவிட்டார்: 2,473 + 1,600 − 228 = 3,845. வருமானம் 318 குறைந்தது. லாகினும் அச்சகமும் சேர்த்து வேலை நேரம் 61-லிருந்து 56-ஆக இறங்கியது. வீட்டுக்கான 3,700 நிற்கிறது, 145 மிஞ்சுகிறது. தொடக்கத்தில் இதே முடிவை எடுத்திருந்தால் முதல் கெட்ட வாரத்திலேயே கடன் ஆப்பைத் திறக்க வேண்டியிருந்திருக்கும்.

இப்போது வருமானத்தில் 42 சதவீதம் ஒரே அச்சகத்திடமிருந்து வருகிறது. 30 நாள் முன்னறிவிப்பை 45 நாளாக்கக் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. விட்டுப்போன 10 மணி நேரத்தில் 4 மணி, பழுது வேலைக்குப் போகிறது.